ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனில் பேஸ் சரியில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

ஓப்பன்-பேக், அதாவது கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும் ஹெட்ஃபோன், வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குரல் அருமையாக இருக்கிறது, பேஸ் எங்கே? கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பின்பக்கம் திறந்திருக்கிறது, பேஸ் வெளியே ஓடிவிடும், நல்ல ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள் என்பார்கள். இதைக் கேட்டு ஆம்ப் வாங்கி, அப்புறம் டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கி, அப்புறம் கேபிள் மாற்றி, கடைசியில் ஹெட்ஃபோனையே விற்றுவிடுகிறவர்கள் நிறைய.

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. ஆடிஸி எல்சிடி-2 என்ற ஹெட்ஃபோன் முழுக்கத் திறந்த பின்பக்கம் கொண்டது. ஆனாலும் இயர்பேட் தலையில் ஒழுங்காக உட்கார்ந்தால் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை பேஸ் தட்டையாக இறங்கும். பின்பக்கம் திறந்திருப்பதுதான் குற்றவாளி என்றால் அது நடக்கவே கூடாது. பேஸைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு முன்பக்கத்துக்குத்தான், அதாவது டயஃப்ரமுக்கும் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு) உங்கள் காதுக்கும் நடுவே இயர்பேட் அடைத்து வைத்திருக்கும் அந்தச் சின்னக் காற்று அறைக்கு. அந்த அறையில் கசிவு இருந்தால் டயஃப்ரம் தள்ளும் அழுத்தம் காதுக்கு வராமல் ஓரத்தில் கழன்றுவிடும், அதிலும் மிகத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். கீழே சொல்லும் பாதி அறிகுறிகளுக்கு வேர் இங்கேதான்.

தொடங்குவதற்கு முன் மூன்று ஒலிக்கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப், 30, 40, 60, 100 ஹெர்ட்ஸ் தனித்தனித் தொனிகள், மோனோ பிங்க் நாய்ஸ் (இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் இரைச்சல்). எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், 30 ஹெர்ட்ஸ் கேட்கவில்லையே என்று ஏற்றி வைத்துவிட்டு 200-க்கு வரும்போது காது வலிக்கும். ஈக்வலைசர், "பேஸ் பூஸ்ட்", டால்பி, விண்டோஸ் சோனிக் போன்ற விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை.

பேஸ் மெலிந்து, பாட்டு முழுக்க மேல்பக்கமாகவே ஒலிக்கிறது

பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் தலையோடு லேசாக அழுத்துங்கள். பின்பக்கத்து வலையை மூடாமல் ஓரத்தை மட்டும் பிடித்து அழுத்த வேண்டும். உடனே பேஸ் நிரம்பி வந்தால் உங்கள் பிரச்சினை கசிவு, வேறெதுவும் இல்லை.

கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு முறை அதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், காரணம் அங்கேயே தெரிந்துவிடலாம். தடித்த ஃபிரேமின் கை இயர்பேடைத் தூக்கிப்பிடித்துக் காதுக்கு மேலும் பின்னும் இடைவெளி விடும். மெல்லிய கம்பிக் கை உள்ள ஃபிரேமில் இது பெரிதும் குறையும். பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தலைமுடி, காதுக்குப் பின்னால் தாடையும் கழுத்தும் சேரும் பள்ளம், ஒரு பக்கம் ஒரு படி கூடுதலாக இழுத்துவிட்ட ஹெட்பேண்ட், இவையும் அதே வேலையைச் செய்யும். பள்ளம்தான் சிக்கல் என்றால் கப்பை ஒரு சென்டிமீட்டர் முன்னாலோ மேலாகவோ நகர்த்தி 40 ஹெர்ட்ஸ் தொனியைக் கேட்டுக்கொண்டே இடம் தேடுங்கள். தொனி பெரிதாகும் இடம்தான் உங்கள் தலைக்குச் சரியான இடம்.

எல்லா மாடலும் கசிவுக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. தோல் பேட் போட்ட பிளானர் மேக்னெட்டிக் ஹெட்ஃபோன்கள் (காந்த வரிசையை ஒட்டித் தட்டையான டயஃப்ரம் அதிரும் வகை) முன் அறை இறுக்கமாக மூடியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஆழத்தைத் தருகின்றன. கொஞ்சம் திறந்தாலும் நிறைய பேஸை இழக்கும். சென்ஹைசர் ஹெச்டி 600 போன்றவற்றின் வெல்வெட் பேட் ஏற்கெனவே காற்றை விடக்கூடியது, அதனால் சின்னக் கசிவு அங்கே அவ்வளவு பெரிய மாற்றம் காட்டாது. அங்கே பார்க்க வேண்டியது பேடின் வயது. நுரை அமுங்கி டயஃப்ரம் காதுக்கு நெருங்கிவிட்டால் பேஸ் மட்டுமில்லை, மொத்தச் சமநிலையே மாறும். நம் வெயிலும் வியர்வையும் நுரையைச் சீக்கிரம் தின்றுவிடும். மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள், புதிய பேடின் பாதி உயரம்தான் இருக்கிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பேட் மாற்றும்போது பொருளைக் கவனியுங்கள். துளையில்லாத தோல் பேட் பேஸைக் கூட்டும், வெல்வெட்டும் துளையிட்ட தோலும் குறைக்கும், ஆனால் அந்த மாற்றம் பேஸோடு நிற்காமல் மேல் அலைவரிசைகளையும் கலைக்கும். ஹெட்ஃபோனை எந்தப் பேடோடு சேர்த்து வடிவமைத்தார்களோ அதே பேடைத்தான் நான் முதலில் போடச் சொல்வேன்.

பேஸோடு பாடகர் குரலும் சேர்ந்தே காணாமல் போய், எதிரொலி மட்டும் மிஞ்சுகிறது

இது ஜாக். வேறு எங்கும் தேடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரை இணைப்பு விட்டுப்போனால் இடது சிக்னலுக்கும் வலது சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஓட்டிகளுக்கு (டயஃப்ரமை அசைத்து ஒலி எழுப்பும் டிரைவர்கள்) போகும். குரல், கிக் டிரம், பேஸ் கிதார் மூன்றையும் பொதுவாக நடுவில்தான் வைத்துக் கலப்பார்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் அவை கழிந்துபோகும். ஜாக்கைக் கடைசி வரை தள்ளுங்கள், போன் உறை குறுக்கே நின்றால் கழற்றுங்கள். 6.35 மிமீ அடாப்டரை இழுத்து மறுபடி மாட்டுங்கள். நான்கு உலோகப் பகுதிகள் உள்ள ஜாக் கொண்ட கேபிளாக இருந்தால் மூன்று பகுதிகள் உள்ள ஜாக் கேபிளில் சோதியுங்கள். ஜாக்கைத் திருகும்போது குரல் வந்து வந்து போனால் கேபிள் முனையில் சாலிடர் விட்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒலிக்கிறது, ஆனால் பேஸ் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறது

ஒரு பக்கத்தின் துருவம் (பிளஸ், மைனஸ்) தலைகீழாக இணைந்திருக்கிறது. ஸ்பீக்கரில் இப்படி ஆனால் பேஸ் அழிந்தே போகும். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு காதுக்கும் தனி ஓட்டி என்பதால் அழியாது, ஆனால் எடை இல்லாமல், எங்கிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாமல் இருக்கும். மோனோ பிங்க் நாய்ஸ் போட்டுப் பாருங்கள். அது நெற்றிக்கு நடுவே ஒரு புள்ளியாகக் குவிய வேண்டும். குவியாமல் இரண்டு காதுக்கும் வெளியே தொங்கினால் துருவம் தப்பு.

ஹெச்டி 600, 650 வரிசையில் கழற்றி மாட்டும் கேபிளின் இரண்டு முள்களில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. திருப்பி மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. வலுக்கட்டாயமாகத் திருப்பிச் செருகியிருந்தாலும், வெளியார் செய்த கேபிளில் ஒரு பக்கம் மாற்றிச் சாலிடர் செய்திருந்தாலும் இதே கதைதான். பழைய கேபிளைப் போட்டுப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் கரகரப்பு, அதிர்வு

ஸ்வீப்பை ஓட்டிக் கரகரப்பு எந்த ஹெர்ட்ஸில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் தலைமுடி. பேடைத் தாண்டி உள்ளே போன ஒரே ஒரு முடி டயஃப்ரமைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓட்டி கிழிந்துவிட்டது போலவே கேட்கும். பேடைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய நுரைத் தட்டையும் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எடுக்கும்போது இரும்பு இடுக்கியைப் பயன்படுத்தவே கூடாது: ஓட்டியின் காந்தம், அதிலும் பிளானர்களின் காந்த வரிசை, இடுக்கியைச் சட்டென்று இழுத்து டயஃப்ரமிலேயே குத்த வைக்கும். பிளாஸ்டிக் இடுக்கி போதும். வேக்குவம் கிளீனரும் காற்று அடிக்கும் கேனும் வேண்டாம், அந்த அழுத்தத்தை டயஃப்ரம் தாங்காது.

இரண்டு பக்கமும் சேர்ந்து, பேஸ் ஓங்கி அடிக்கும் இடங்களில் மட்டும் வெடித்தால் ஈக்வலைசர் பக்கம் போங்கள். பேஸை 6 டெசிபல் ஏற்றிவிட்டு ப்ரீஆம்பை (ஈக்வலைசரில் மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) 6 டெசிபல் இறக்காமல் விட்டால் டிஜிட்டல் சிக்னல் உச்சியில் நறுக்கப்படும். ப்ரீஆம்பை இறக்கியும் வெடிக்கிறது, ஈக்வலைசரை அணைத்தால் சரியாகிறது என்றால் ஓட்டியால் அவ்வளவு தூரம் நகர முடியவில்லை. 6 டெசிபல் என்பது டயஃப்ரமை இரண்டு மடங்கு தூரம் ஆடச் சொல்வது.

பிளானரைத் தலையில் மாட்டும்போதோ கப்பை அழுத்தும்போதோ காகிதம் கசங்குவது போல ஒரு சத்தம் வந்தால், உள்ளே அடைபட்ட காற்று டயஃப்ரமை மடக்குகிறது. மெதுவாக மாட்டிக் கழற்றுங்கள், பாட்டு ஓடும்போது வராதவரை பயப்பட வேண்டியதில்லை.

டம் டம் என்று அடிக்கிறது, ஆனால் அடியாழம் இல்லை

இங்கேதான் ஹெட்ஃபோனின் இயல்பையும் பழுதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் தொனி நன்றாகக் கேட்கிறது, 60 கொஞ்சம் மெலிகிறது, 40 தூரமாகப் போகிறது, 30 இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம். டைனமிக் ஓட்டி (கம்பிச்சுருள் டயஃப்ரமைத் தள்ளும் வழக்கமான வகை) உள்ள பெரும்பாலான ஓப்பன்-பேக்குகள் இப்படித்தான். 1997-இல் வந்த ஹெச்டி 600-ம் 2003-இல் வந்த ஹெச்டி 650-ம் 100 ஹெர்ட்ஸைச் சுற்றி இதமாக எழும்பி, அதற்குக் கீழே சரிந்துகொண்டே போகும். ஏகேஜி கே702 இன்னும் மெலிவு. ஹெச்டி 560எஸ் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆழம் போகும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவும் பிலிப்ஸ் ஃபிடேலியோ எக்ஸ்2ஹெச்ஆரும் டைனமிக்தான், ஆனால் பேஸைத் தூக்கிக்கொடுக்கும் வகை. ஹைஃபைமேன் சுந்தரா, ஹெச்ஈ400எஸ்ஈ போன்ற பிளானர்களில் அளவு அதிகமாகத் தோன்றாது, ஆனால் 100-க்கும் 40-க்கும் நடுவே அந்தச் சரிவு இருக்காது.

நான்கு தந்தி பேஸ் கிதாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியில் சுமார் 31, பியானோவின் கடைசிக் கட்டை 27.5. அதனால் ஹெச்டி 600-இல் பேஸ் கிதாரின் நடை முழுக்கக் கேட்கும், ஏனென்றால் அடிச்சுரம் மெலிந்தாலும் அதன் மேற்சுரங்கள் 80, 120 ஹெர்ட்ஸில் உயிரோடு இருக்கின்றன. சிந்தசைசரில் செய்த ஆழ்ந்த பேஸுக்கு மேற்சுரம் குறைவு என்பதால் அதுதான் ஒரேயடியாகக் காணாமல் போகும். "பழைய பாட்டில் நன்றாக இருக்கிறது, புதுப் பாட்டில் இல்லை" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவே.

தீர்வு ஈக்வலைசர்தான், இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓவும் அதன் மேல் பீஸ் என்ற முகப்பும், லினக்ஸில் ஈசி எஃபெக்ட்ஸ், ஆண்ட்ராய்டில் வேவ்லெட், எல்லாம் கிடைக்கின்றன. 105 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள ஒலிகளை மொத்தமாக ஏற்றும் வடிகட்டி) ஒன்று, க்யூ (மாற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைக் குறிக்கும் எண்) 0.7, 4 டெசிபல் ஏற்றம், ப்ரீஆம்ப் மைனஸ் 4. இதில் தொடங்கி ஒவ்வொரு டெசிபலாகப் போங்கள். இந்த எண் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை: ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு 2010-களில் பலரைக் கேட்க வைத்துச் செய்த ஆய்வுகளில், பேஸைச் சில டெசிபல் தூக்கி வைப்பதைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள், வயதும் கேட்டுப் பழகிய அனுபவமும் பொறுத்து அந்த அளவு மாறியது. நல்ல அறையில் ஒலிக்கும் ஸ்பீக்கரும் அறையின் உதவியால் பேஸைக் கொஞ்சம் தூக்கித்தான் தரும், அளவெடுத்தால் தட்டையாக வரும் ஹெட்ஃபோன் அதன் பக்கத்தில் மெலிந்து ஒலிப்பது இயல்பு.

பிளானர்கள் 6 டெசிபல் ஏற்றத்தையும் சத்தமில்லாமல் தாங்கும். ஹெச்டி 600 வகையில் 30 ஹெர்ட்ஸைத் தூக்கத் தூக்கத் திரிபு கூடும், ஓரளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெஞ்சில் இடிக்கும் உணர்வை மட்டும் எந்த ஈக்வலைசரும் தராது, ஹெட்ஃபோன் காதை மட்டும்தான் தொடுகிறது, உடம்பைத் தொடுவதில்லை.

பேஸ் நிறையவே இருக்கிறது, ஆனால் குழைந்து குரல்மேல் ஏறுகிறது

அளவையும் தரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடம் இது. குழைவுக்குக் காரணம் பெரும்பாலும் அடியாழம் இல்லை, 120 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான நடுப் பேஸ். அங்கே கூடுதலாக இருந்தால் கிக் டிரம் ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும், ஆண் குரல் மார்புச் சளி பிடித்தது போல ஆகும். 180 ஹெர்ட்ஸில், க்யூ 1-இல், 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பேஸ் குறையாமலே தெளிந்தால் பிடித்துவிட்டீர்கள். இதற்கு நான் நம்பும் சோதனை மிருதங்கம். நல்ல பதிவில் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) கும்கி இழுக்கும்போது சுருதி வழுக்கி ஏறுவது படிப்படியாகக் கேட்க வேண்டும். வெறும் "தும்" என்று ஒரே உருண்டையாக வந்தால் அந்த ஹெட்ஃபோனில் பேஸ் இருக்கிறது, விவரம் இல்லை.

லேப்டாப்பில் ஒரு மாதிரி, ஆம்பில் வேறு மாதிரி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சக்தி போதாத ஆம்ப் பேஸை மட்டும் தனியாகக் குறைப்பதில்லை, மொத்தச் சத்தத்தையும் குறைக்கும், அல்லது உச்சத்தில் சிக்னலை நறுக்கும். உங்களுக்கு வேண்டிய சத்தம் வால்யூமின் முக்கால் பாகத்திலேயே சுத்தமாகக் கிடைக்கிறது என்றால், பெரிய ஆம்ப் புது பேஸைக் கொண்டுவராது.

ஆம்ப் உண்மையிலேயே பேஸை மாற்றுவது இரண்டு இடத்தில். ஒன்று, வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டில் உள்ள மின்தடை. ஹெச்டி 650-க்குப் பெயரளவில் 300 ஓம் என்றாலும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமைத் தொடும். 120 ஓம் வெளியீடு உள்ள ஆம்பில் போட்டால், இம்பீடன்ஸ் உயர்ந்த இடத்தில் ஹெட்ஃபோனுக்குப் போகும் மின்னழுத்தம் கூடி, அங்கே சுமார் 1 டெசிபல் எழும்பும். வால்வு ஓடிஎல் (வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத) ஆம்ப்களில் ஹெச்டி 650 "கனிந்து" ஒலிக்கிறது என்று சிலாகிப்பதில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான். பிளானர்களின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் அங்கே இந்த வித்தை நடக்காது, சத்தம்தான் குறையும். பேஸ் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

இரண்டு, வெளியீட்டில் மின்தேக்கி வைத்த பழைய அல்லது மலிவான சர்க்யூட்கள். 100 மைக்ரோஃபேரட் மின்தேக்கி 32 ஓம் ஹெட்ஃபோனோடு சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸிலிருந்தே பேஸை வெட்டத் தொடங்கும். அதே மின்தேக்கி 300 ஓமோடு சேர்ந்தால் வெட்டு 5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையில் 32 ஓம் ஹெட்ஃபோன் மட்டும் மெலிந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சின்ன யூஎஸ்பி டாங்கிள் ஒன்றில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வால்யூமைக் குறைத்தால் பேஸ் போய்விடுகிறது

ஹெட்ஃபோனில் பழுதில்லை, மனிதக் காதே அப்படி. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக ஒலிப்பதற்குச் சமமாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் 64 டெசிபல் அளவுக்குக் கொடுக்க வேண்டும், 50 ஹெர்ட்ஸுக்கு 78 பக்கம் போகும். இரவில் மெதுவாகக் கேட்கிறவர்கள் அதற்கென்று ஷெல்ஃபை 2, 3 டெசிபல் கூட்டிய தனி ப்ரீசெட் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மின்விசிறி. ஓப்பன்-பேக் வெளிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும், விசிறி, ஏசி, தெருவில் போகும் லாரி எல்லாம் தாழ்ந்த ஒலிகள், அவை மூடி மறைப்பதும் பாட்டின் பேஸைத்தான். ஐந்து நிமிடம் விசிறியை நிறுத்திக் கேளுங்கள், வித்தியாசம் புரியும். இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து: உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சத்தமான அறையில்தான் எப்போதும் கேட்கப்போகிறீர்கள் என்றால் மூடிய ஹெட்ஃபோன்தான் உங்களுக்கு ஏற்றது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில பாட்டுகளில் மட்டும் பேஸ் கேட்பதில்லை

பதிவிலேயே இல்லை. அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு முடிவு வருகிறது

சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் இப்படித்தான். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "பேஸ் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். சமப்படுத்த ஆடம்பரக் கருவி தேவையில்லை. பழைய சிடி ஒன்றை இயர்பேடின் மேல் வைத்து, நடுத்துளையில் போனின் மைக்கைப் பொருத்தி, 500 ஹெர்ட்ஸ் தொனி ஓடவிட்டு, ஏதாவது ஒலியளவுச் செயலியில் இரண்டு ஹெட்ஃபோனுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமை வையுங்கள். எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். இந்த முறையில் பேஸ் தொனியை மட்டும் அளக்காதீர்கள், சிடியில் பேட் உட்காருவதும் உங்கள் தலையில் உட்காருவதும் வேறு வேறு, தாழ்ந்த ஒலிகளில் போன் மைக்கையும் நம்ப முடியாது.

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் 40 ஹெர்ட்ஸ் தொனியில் கப்பைச் சரிசெய்துவிட்டு ஒரே பாட்டின் ஒரே 20 விநாடியைக் கேளுங்கள். காது ஒரு ஹெட்ஃபோனுக்குப் பழகிவிட்டால் அடுத்தது எப்போதும் வித்தியாசமாகத்தான் தெரியும், அதனால் இன்றைக்கு எதை முதலில் கேட்டீர்களோ நாளைக்கு அதை இரண்டாவதாகக் கேளுங்கள். புதிய ஹெட்ஃபோனின் பேஸ் நாளாக நாளாகத் திறந்துகொள்ளும் என்று சொல்வதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நாளாவட்டத்தில் மாறுவது பெரும்பாலும் பேடின் இறுக்கமும் உங்கள் பழக்கமும்தான். கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவுக்குள் முடிவெடுத்துவிடுங்கள். கேட்டதைத் தாளில் நான்கு தனிப் பத்திகளாக எழுதுங்கள்: எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு அளவு இருக்கிறது, அடி நின்றதும் ஒலி நிற்கிறதா, சுருதி பிரிந்து கேட்கிறதா. அளவு என்ற பத்தியில் மட்டும் தோற்ற ஹெட்ஃபோனை விற்காதீர்கள், அதை ஒரு ஷெல்ஃப் சரிசெய்துவிடும். கடைசி இரண்டு பத்தியில் தோற்றதற்கு ஈக்வலைசரால் ஓரளவுதான் உதவ முடியும், அங்கேதான் வேறு மாடலுக்குப் பணம் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.